மாரியில் ரோசாக் கண்காட்சி, முற்றத்தில் சீமெந்துக் கல்

'அரிசி விலை இப்படி இருக்கும்போது ரோசாவுக்கு என்ன அவசரம்?' என்று கேட்பவர்களுக்கும், 'ரோசா வெள்ளைக்காரன் கொண்டுவந்த பூ, அதற்கு இந்த மண்ணில் என்ன வேலை?' என்று கேட்பவர்களுக்கும், மலர்க் கண்காட்சியில் ஒரு பூச்சாடியை வாங்கிக் காரின் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு போவதோடு தமது பசுமைக் கடமை நிறைவேறிவிட்டது என்று எண்ணுபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இந்த மூன்று சாராரும் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்துகொள்வர். என் கணக்கிலோ மூவரும் ஒரே கட்சி. மூவருமே பூவைப் பார்த்துப் பேசுகிறார்கள். அது நிற்கும் மண்ணையும் அது குடிக்கும் நீரையும் பார்ப்பதில்லை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். 2014இல் வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாகப் பிரகடனம் செய்தது. அந்த மாதத்தையொட்டி நல்லூர் சங்கிலியன் பூங்காவில் மலர்க் கண்காட்சிகள் நடைபெறலாயின. 2018 ஒக்ரோபரில் சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னரும் அந்த வழக்கம் அறுந்துபோகவில்லை. முன்னாள் விவசாய அமைச்சர் பொ. ஐங்கரநேசன் தலைமையிலான தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம் 'கார்த்திகை வாசம்' என்னும் பெயரில் அதே பூங்காவில் கண்காட்சியை நடத்திவருகிறது. குழந்தைகளும் முதியவர்களும் குடும்பம் குடும்பமாக வந்து, எந்த அரசியல்வாதியின் பேச்சுக்காகவுமன்றிப் பூக்களுக்காகவே ஒரு மாலைப்பொழுதைச் செலவிடும் இடங்கள் நம் நகரில் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. அதை நடத்துவோர்மீது எனக்கு மரியாதை உண்டு. எனது வழக்கு அவர்களோடு அன்று. கண்காட்சியோடு நின்றுவிடும் நமது மனப்பாங்கோடு.

'ரோசா ஆடம்பரம்' என்னும் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ரோசாக் கண்காட்சி என்றாலே பிரபுக்களின் மாளிகையும் தொப்பியணிந்த சீமாட்டிகளும் நமக்கு நினைவுக்கு வருகின்றனர். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1858இல் முதலாவது தேசிய ரோசாக் கண்காட்சியைக் கூட்டியவர் ரெனோல்ட்ஸ் ஹோல் என்னும் மதகுரு. அவர் 1869இல் வெளியிட்ட ரோசா பற்றிய நூலின் தொடக்கத்திலேயே நொட்டிங்காம் நகரத்துத் தொழிலாளர்களின் கதை வருகிறது. உயிர்த்த ஞாயிறை அடுத்த திங்களன்று ஒரு மதுச்சாலையில் தாங்கள் நடத்தும் ரோசாக் கண்காட்சிக்கு நடுவராக வருமாறு அவர்கள் அவரை அழைத்தார்கள். குளிர் விலகாத அந்தப் பருவத்தில் ரோசாவா, யாரோ முட்டாள்தின வேடிக்கை செய்கிறார்கள் என்றே அவர் முதலில் நினைத்தார். போய்ப் பார்த்தால் உண்மையிலேயே பூக்கள் இருந்தன. சிறு கண்ணாடிக் கூண்டுகளில் வளர்த்த செடிகளை உறைபனியிலிருந்து காப்பதற்குத் தங்கள் படுக்கைப் போர்வையையே எடுத்துப் போர்த்திய ஏழைகள் அவர்கள். மனைவியும் கணவனும் குளிரில் நடுங்கியபடி செடிக்குப் போர்வை கொடுத்த வீட்டை ஹோல் மறக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், ரோசா யாருடைய ஆடம்பரம்? தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஒழுகும் நீரில் ஒரு ரோசாத்தடியை ஊன்றி, தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதும் போட்டு, அது தளிர்த்ததும் அயல்வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டிய எத்தனை அம்மாக்களை நாம் அறிவோம்? அவர்களிடம் காசு இருக்கவில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில் யூரியாப் பசளை குடாநாட்டுக்கு வருவது தடைசெய்யப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. அந்த ஆண்டுகளிலும் வேலியோரத்தில் ஏதோ ஒரு பூ நின்றது. ஆடம்பரம் என்பது பூவில் இல்லை. அதைக் காசு கொடுத்து வாங்கி, வாடியதும் எறிந்துவிட்டு, அடுத்த ஆண்டு இன்னொன்றை வாங்குவதில் இருக்கிறது.

இரண்டாவது சாரார் பண்பாட்டுக் காவலர்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்படும் 99 பூக்களுள் ரோசா இல்லை என்பது உண்மை. அந்தப் பட்டியலின் முதற்பூ காந்தள் என்பதும் உண்மை. நாம் கார்த்திகைப்பூ என்று அழைக்கும் அதே பூ. அது தமிழ்நாட்டின் மாநிலப் பூ. போர் ஓய்ந்திருந்த 2003இல் விடுதலைப் புலிகள் அதைத் தமிழீழத்தின் தேசியப்பூவாக அறிவித்தார்கள். அந்தக் காரணத்தினாலேயே இன்றும் அது சந்தேகத்துடன் பார்க்கப்படுகிறது. 2024இல் ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டியில் இல்ல அலங்காரத்தில் அந்தப் பூ இடம்பெற்றதற்காகக் காவல்துறை விசாரணை நடந்த செய்தியை நாம் வாசித்தோம். ஒரு பூவுக்குப் பொலிஸ் விசாரணை நடக்கும் நாட்டில் அந்தப் பூவை நேசிப்பது அவசியம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் ஒன்றை நேசிப்பதற்கு மற்றொன்றைத் துரத்த வேண்டும் என்று யார் சொன்னது? கோயில் வீதிகளில் நிழல்தரும் தேமா மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. மதிலில் படரும் கடதாசிப்பூ தென்னமெரிக்காவினுடையது. சுவாமிக்குச் சாத்தும் மாலைகளில் நிறைந்திருக்கும் மஞ்சள் துலுக்கச் செவ்வந்தி மெக்சிக்கோவினது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனின் பொருளாதாரத்தையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கி நின்ற புகையிலையும், மிளகாய்த்தூள் இல்லாமல் இறங்காத நமது குழம்பின் மிளகாயும் அந்நியமே. கலியாண வீட்டு வாசலில் நாம் தெளிக்கும் பன்னீர், ரோசாவின் நீர். வாசலில் தெளிக்கும்போது இல்லாத அந்நியம் வளவில் நட்டால் எங்கிருந்து வருகிறது?

இனி மூன்றாவது சாராரிடம் வருகிறேன். என் கோபத்தின் பெரும்பங்கு இவர்களுக்குரியது. ஏனெனில் இவர்கள் பூவை விரும்புகிறவர்கள், விரும்பியும் கெடுக்கிறவர்கள்.

நமது மலர்க் கண்காட்சி நவம்பரில் நடக்கிறது. குடாநாட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பொழிந்துவிடுகிறது. மரம் நடுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. கார்த்திகைப்பூ தானாக வேலிகளில் பூப்பதும் இந்த மழையில்தான். ஆகவே கார்த்திகையில் மரநடுகை என்பது மிகச் சரியான தெரிவு. ஆனால் ரோசாவுக்கு இதைவிடக் கெட்ட காலமும் இல்லை. விடாத ஈரத்தில் இலைகளில் கரும்புள்ளி நோய் பரவுகிறது. அது ஒரு பூஞ்சணம், இலை நனைந்திருக்கும் மணித்தியாலங்கள் கூடக்கூட அது பெருகும். அடுக்கடுக்கான இதழ்களைக் கொண்ட பெரிய மொட்டுகள் நீரூறி விரியாமலே அழுகுகின்றன. உள்ளூர்த் தோட்டத்து ரோசா ஒன்று நவம்பரில் நல்லூருக்கு வந்து பரிசு பெறுவது ஏறக்குறைய நடவாத காரியம்.

அப்படியானால் நவம்பரில் நாம் வாங்குகின்ற அந்தப் பளபளப்பான ரோசாச் செடிகள் எங்கிருந்து வருகின்றன? நான் கேட்ட விற்பனையாளர்களுள் பெரும்பாலோர் தென்னிலங்கையையும் மலைநாட்டையும் கைகாட்டினார்கள். மலைநாட்டின் குளிரிலும் புளிப்பு மண்ணிலும் வளர்ந்த கன்று லொறியில் இங்கே இறங்குகிறது. நமது நிலமோ சுண்ணாம்புக்கல். நமது கிணற்று நீரும் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதே. கேத்தில் அடியில் படியும் வெள்ளைக் கறையை அறியாத யாழ்ப்பாணத்து வீடு உண்டா? ரோசா சற்றுப் புளிப்பான மண்ணை விரும்பும் செடி. காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. தளிர் இலைகள் மஞ்சளிக்கின்றன, நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்கின்றன. வீட்டுக்காரர் பசளை போதவில்லை என்று நினைத்து யூரியாவை அள்ளிப் போடுகிறார். தை, மாசி கடந்து பங்குனி வெயில் ஏறும்போது செடி கருகுகிறது. 'எங்கடை மண்ணுக்கு ரோசா சரிவராது' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த கார்த்திகையில் மறுபடியும் ஒன்றை வாங்குகிறார். நானே ஒருவரிடம் வாங்கிய நான்கு கன்றுகளின் பெயரைக் கேட்டபோது, 'சிவப்பு, மஞ்சள், ரோஸ், வெள்ளை' என்பதே எனக்குக் கிடைத்த பதில். விற்கிறவருக்குப் பெயர் தெரியாது, வாங்குகிறவர் கேட்பதில்லை.

இங்கேதான் கண்காட்சிக்கும் சங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. அமெரிக்க ரோசாச் சங்கத்தின் போட்டி விதிகளுள் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, போட்டிக்கு வைக்கும் பூ போட்டியாளரின் சொந்தத் தோட்டத்தில் திறந்த வெளியில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். மற்றது, இனத்தின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தால் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நீக்கப்படும். இந்த இரண்டு விதிகளும் பூவைச் சோதிப்பதைவிட மனிதரையே அதிகம் சோதிக்கின்றன. நீ வளர்த்தாயா? நீ வளர்ப்பது இன்னதென்று அறிவாயா? இந்த இரு கேள்விகளையும் கேளாத கண்காட்சி ஒரு சந்தை. சந்தை கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தையைச் சந்தை என்று சொல்லுவோம் என்கிறேன்.

சங்கம் இருந்தாலும் அது கண்காட்சியையே தன் உயிராக நம்பினால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. ஹோல் முதலானோர் 1876இல் தொடங்கிய இங்கிலாந்தின் தேசிய ரோசாச் சங்கம் பின்னர் அரச அடைமொழி பெற்று உலகப் புகழ் எய்தியது. அதற்கென்று சென் அல்பன்ஸ் அருகே பெரிய தோட்டமும் இருந்தது. அப்படிப்பட்ட சங்கம் அங்கத்தவர் குறைந்து, பணம் வற்றி, 2017இல் வங்குரோத்து நிர்வாகத்தின்கீழ் போய் முடிவுற்றது. ரோசா வளர்ப்பவர்கள் இங்கிலாந்தில் அற்றுப்போகவில்லை. அடுத்த தலைமுறைக்கு ஒரு சங்கம் எதற்கு என்று சொல்லிக்கொடுக்க முடியாமற் போயிற்று. 141 ஆண்டு வயதான சங்கத்துக்கே அந்தக் கதி என்றால், ஒன்பது நாள் கூடாரத்தை நம்பியிருக்கும் நமக்கு என்ன பாதுகாப்பு?

சங்கம் எதற்கு என்பதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. அது போரோடு சம்பந்தப்பட்டது. பிரான்சின் லியோன் நகரருகே மெய்யான் என்னும் ரோசா வளர்ப்புக் குடும்பம் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த புதிய ரோசா ஒன்றை உருவாக்கியிருந்தது. 1939இல் போர் மூண்டபோது அதன் ஒட்டுமொட்டுகளை அவர்கள் பல நாடுகளிலுள்ள நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். பின்பு ஜெர்மானியப் படை பிரான்சைப் பிடித்தது. 1945 ஏப்ரல் 29இல் அமெரிக்காவில் அந்தப் பூவுக்கு 'பீஸ்', அதாவது சமாதானம், என்று பெயரிட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடியிருந்த பிரதிநிதிகளுக்கு அந்தப் பூக்களே பரிசாக வழங்கப்பட்டன. ஒரு செடி ஒரே வளவில் நின்றிருந்தால் அந்த வளவோடு அதன் விதியும் முடிந்திருக்கும். பல கைகளில் இருந்ததால் அது பிழைத்தது.

நமது 1995 ஒக்ரோபர் 30ஐ நினைத்துப்பாருங்கள். ஒரே இரவில் வலிகாமம் நடந்து வெளியேறியது. திரும்பி வந்தவர்கள் கண்ட வளவுகளில் பூவரசும் வேம்பும் கடதாசிப்பூவும் நின்றன. நீரூற்ற ஆளில்லாத கோடையில் ரோசா நிற்காது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகளின் சொந்தக்காரருக்கோ திரும்பிப் பார்க்கும் பேறும் பல்லாண்டு கிடைக்கவில்லை. அவர்களுள் சிலருக்கு இன்றும் இல்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் உல்லாச விடுதி நடத்திப் புல்தரையும் பூம்பாத்தியும் வளர்த்துக்கொண்டிருந்தபோது, அயலூர்க்காரர்கள் நலன்புரி முகாம்களில் தகரக் கூரையின்கீழ் இருந்தார்கள். பூந்தோட்டம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். பூந்தோட்டத்துக்கு முதலில் காணி வேண்டும்.

காணி உள்ளவர்கள் அதை என்ன செய்கிறோம் என்பதே எனது கடைசி வழக்கு. இது புலம்பெயர்ந்த உறவுகளையும் நேரே நோக்கியது.

தடைக்காலத்தில் குடாநாட்டுக்குள் சீமெந்து வர முடியாது. ஒரு பைச் சீமெந்துக்காக மனிதர் அனுமதிப்பத்திரம் தேடி அலைந்தனர். தடை நீங்கியது, வெளிநாட்டுக் காசு வந்தது, நாம் வீட்டைக் கட்டினோம், மதிலைக் கட்டினோம், பிறகு மிச்சமிருந்த சீமெந்தை முற்றத்தின்மேல் பரப்பினோம். கேற்றிலிருந்து கிணற்றடிவரை இன்ரர்லொக் கல். 'குப்பை விழாது, சேறு ஒட்டாது, அண்ணை வந்து நிற்கும்போது வசதி' என்கிறார்கள். அண்ணை இரண்டு ஆண்டுக்கொருமுறை மூன்று கிழமை வந்து நிற்கிறார். மீதி நாட்களில் அந்தக் கல் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்கிறது. டொரன்டோவில் பனி உருகியதும் ரோசாச் செடிக்கு மண் கொத்தும் அதே அண்ணை, ஊரில் தன் தாயின் நந்தியாவட்டையையும் செவ்வரத்தையையும் பிடுங்கிக் கல் பதிக்கக் காசு அனுப்புகிறார்.

கணக்குப் பார்ப்போம். ஒரு பரப்புக் காணி 10 பேர்ச், ஏறக்குறைய 250 சதுர மீற்றர். அதில் பாதியைக் கல்லால் மூடினால், ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் மழையில் ஏறக்குறைய 1,56,000 லீற்றர் நீர் அந்தக் கல்லின்மேல் விழுகிறது. திறந்த மண்ணாக இருந்திருந்தால் அதில் கால்பங்கு மட்டுமே நிலத்தடிக்கு இறங்கியிருக்கும் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 39,000 லீற்றர். இப்போது அது மதிற்கரையால் வழிந்து, ஒழுங்கைக்குப் போய், வெள்ள வாய்க்காலால் கடலைச் சேருகிறது. பத்து ரோசாச் செடிகளுக்கு ஆண்டில் 150 நாள், செடிக்கு 5 லீற்றர் வீதம் ஊற்றினாலும் 7,500 லீற்றரே. 'ரோசாவுக்குத் தண்ணீர் வீண்' என்று கவலைப்படுகிறவர்கள் தங்கள் காலடியைக் குனிந்து பார்க்கட்டும்.

இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளில் மழை விட்டுச்செல்லும் நன்னீரே தலைமுறை தலைமுறையாக நமது கிணறு. அந்த நீரில் அளவுமீறிய பசளையால் நைத்திரேற்றுக் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை எடுத்துச்சொல்லிவிட்டார்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்ததையும் கண்டோம். 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. வானம் இலவசமாகத் தருவதைக் கல்லால் தடுத்துக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலிலிருந்து பெருஞ்செலவில் உப்பைப் பிரித்து எடுக்கும் புத்திசாலிகள் நாம்.

ஆகவே எனது கோரிக்கைகள் இவை. கார்த்திகைக் கண்காட்சி மரங்களுக்கும் கார்த்திகைப்பூவுக்கும் உரியதாக இருக்கட்டும். ரோசாவுக்கு மாசியில், மழை விலகி வெயில் ஏறுமுன், தனியாக ஒரு நாள் போதும். கத்தரித்துவிட்ட ரோசா ஆறேழு கிழமையில் பூக்கும்; மார்கழிக் கடைசியில் கத்தரித்தால் மாசி நடுப்பகுதிக்குக் கணக்குச் சரி. வாங்கிய சாடிக்குப் பரிசு வேண்டாம். வளர்த்தவரின் வளவை நடுவர்கள் நேரில் போய்ப் பார்த்துவரட்டும். முற்றம் முழுவதும் கல் பதித்த வீட்டின் பூ எவ்வளவு பெரிதானாலும் போட்டிக்கு எடுக்க வேண்டாம். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. சுண்ணாம்பு நிலத்தைத் தாங்கும் வேர்த்தண்டு எது என்று அங்கே கேட்கலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் மணல்நிலத்து வெக்கைக்கு ஃபோர்ச்சூனியானா என்னும் ரோசாவை வேர்த்தண்டாக வைத்து ஒட்டுகிறார்கள். நமக்குப் பொருந்துவது அதுவா வேறொன்றா என்பதைப் பத்து வளவில் நட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பத்து வளவுக்காரரும் மாதமொருமுறை கூடி, தடிகளை மாற்றிக்கொண்டு, எது பிழைத்தது, எது பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் அதுதான் சங்கம். தலைவர், செயலாளர், பொன்னாடை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டெருவும் மாட்டெருவும் இலைச்சருகும் கொண்டு சுண்ணாம்பு மண்ணைப் பதப்படுத்தும் அறிவு அப்படித்தான் சேரும். 2021இல் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் நாடு முழுவதையும் சேதன விவசாயத்துக்கு மாற்ற முயன்றவர்கள் அதே ஆண்டு முடியுமுன் பின்வாங்கியதைப் பார்த்தோம். மண்ணறிவு வர்த்தமானியில் வராது. கையிலிருந்து கைக்கு வரும்.

புலம்பெயர்ந்த அன்பர்களே, அடுத்த முறை முற்றத்துக்குக் கல் பதிக்க என்று ஊரிலிருந்து கணக்கு வந்தால், காசை அனுப்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது? கல் ஏற்கெனவே பதித்தாயிற்று என்றால், வேலிக்கரையோடு இரண்டு வரிசையைக் கிளப்பிவிடச் சொல்லுங்கள். அடுத்த மாரி அதற்குள் இறங்கட்டும். இதை மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஆனால் மறுப்பை எழுதுமுன் உங்கள் வளவுக் கிணற்றில் பங்குனி மாதம் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று அளந்துவிட்டு எழுதுங்கள்.